நாகம்மாள் வாரித் தூற்றிய மண்

பட்டாளத்தார் பருத்திப்பட்டு ஏரிக்கரை நிலங்களை எடுத்துக்கொண்ட மறுவாரம் எத்திராஜ் தரையை விட்டு எழும்பினார். எழுபதைத் தாண்டிய மனிதர். காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர் உட்கார்ந்த வாக்கிலேயே மேலே போய், கொட்டகையின் மூங்கில் வாரையில் தலை இடித்து நின்றார். மருமகள் நாகம்மாள் அவர் இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி மறுமுனையை உரலில் முடிந்தாள். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நிலமே போய்விட்டது, இனித் தரையில் தனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு மோரை மேலே நீட்டச் சொன்னார். வயசானவர்கள் பலதையும் சுலபமாக விட்டுவிடுவார்கள். இவர் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகை கள்ளிக்குப்பத்தில் சகாயமேரியின் தென்னந்தோப்புக்குள் இருந்தது. ஊரைவிட்டு வந்த குடும்பத்துக்கு அவள் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம். கொடுத்த பிறகு நடந்ததையெல்லாம் பார்த்து அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நாகம்மாளின் மூத்த பெண் தாட்சாயிணிக்குப் பதினாறு வயசு. அவளுக்கு வந்தது கோபம். தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு வருவதற்குள் கொதித்தது. சண்டைக் காலத்தில் விறகு லேசில் கிடைக்காது என்பதால் நாகம்மாள் சோற்றுப்பானையை அவள் மடியில் வைத்தாள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சோறு பதமாக வெந்திருக்கும். பின்னால் ரயில் பட்டறையில் உலைவேலை பார்த்த ஒருவன், சூடு பழகினவன், அவளைக் கட்டிக்கொண்டு போனான். இளையவள் வடிவுக்கு ஏழு வயசு. அவள் கொட்டகைக்குப் பின்னால் களிமண்ணில் விட்டுவந்த ஊரை அப்படியே செய்தாள். கோயில், களம், அவர்கள் வீடு, மாட்டுக்கொட்டில் எல்லாம் இருந்தன. செய்து முடித்த வாரத்திலிருந்து பொழுது சாயும்போது அந்தக் கூரைகளில் நூல் நூலாகப் புகை கிளம்பியது. காதை வைத்துக் கேட்டால் நாய் குரைக்கும். வடிவு குப்புறப் படுத்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஊர் போனதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

நாகம்மாளின் புருஷன் தேவராஜ் நாற்பத்தைந்து வயசில் கட்டிலில் படுத்துவிட்டார். அவருடைய நிழல் அவரோடு வரவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதே அது வயலில் நின்றுவிட்டது. பிறகு முள்வேலி போட்டு, தார் ரோடு போட்டு, லாரிகள் ஓடத் தொடங்கியும், உச்சிவேளையில் ஒரு நிழல் ரோட்டின் குறுக்கே ஏர் ஓட்டுவதை சிப்பாய்கள் பார்த்தார்கள். ஒருமுறை சுட்டார்கள். குண்டு தாரில் இறங்கியது. அப்புறம் பழகிப்போய், லாரிக்காரர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். மண்ணின் மேல் அந்த மனுஷனுக்கு எவ்வளவு பாசம் என்று நாலு ஊரும் பேசியது. நாகம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். கஞ்சியில் கெட்டியை வடித்து அவருக்கு முதலில் கொடுத்தாள்.

அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மேனாம்பேட்டுப் பக்கத்துச் செங்கல் சூளையில் கல் சுமந்தாள், மாமனாரின் கயிற்றைச் சரி பார்த்தாள், புருஷனுக்கு வெந்நீர் வைத்தாள். சகாயமேரிக்கே இது ஒருமாதிரியாக இருந்தது.

"இன்னா நாகம்மா, ஊட்ல எல்லாருக்கும் ஒண்ணொண்ணு ஆய்கீது. ஒனக்கு ஒண்ணும் ஆவலியா?"

"எனுக்கும் ஆச்சின்னா, கயித்த யாரு புடிக்கறது?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பொறாமை இருந்தது. ஒரு நாளாவது மிதந்தால் தேவலை என்று நினைத்தாள். அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஒரே ஒரு ஆத்திரம்தான். அது அவளுடைய தம்பி வரதன் மேல்.

நிலத்தை அளக்க ஆட்கள் வந்தது மார்கழி மாசம். சம்பா பால் பிடித்து நின்றது. தை பிறந்து அறுப்பு முடிகிற வரைக்கும் இழுத்துவிட்டால் ஒரு போகமாவது கைக்கு வரும் என்று ஊர் கணக்குப் போட்டது. அளக்கிறவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து எல்லைக்கல் எல்லாவற்றையும் பிடுங்கி ஏரியில் போட்டார்கள். கல் இல்லாவிட்டால் எது எவன் நிலம் என்று சர்க்காருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு ஒருவராக அம்மன் கோயிலில் கூடி, எல்லை காட்டுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அளக்க வந்தவர்கள் சங்கிலியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். நாளுக்கு நாள் கதிர் முற்றியது. அறுவாளைத் தீட்டி வைக்கிற நேரத்தில் யாரோ ஒருவன் வரப்பு வரப்பாக நடந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தான். அன்றைக்கே லாரிகள் வயலுக்குள் இறங்கின.

ஊர் கூடிக் கேட்டபோது வரதன் முன்னால் வந்து, "நான்தான் காட்டினேன்" என்றான். இருபது வயசுப் பிள்ளை. தாய் செத்த வீட்டில் நாகம்மாள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கல்யாணமாகிப் புருஷன் வீடு வந்தபோதுகூட அவனை விட்டு வராமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. லாரிச் சக்கரம் கிளறிப்போட்ட மண்ணை இரண்டு கையாலும் வாரி அவன் முகத்தில் தூற்றினாள். "நீ துன்றதெல்லாம் மண்ணா போவட்டும்" என்றாள். அவன் கண்ணைக்கூடத் துடைக்காமல் பூந்தமல்லி ரோட்டைப் பார்க்க நடந்தான்.

சண்டை ஓய்ந்த வருஷம் வரதன் தோப்புக்கு வந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, எதத் துன்னாலும் வாயில போன ஒடனே மண்ணா பூடுது. கஞ்சித் தண்ணியக் குடிச்சிகினு உசுர வச்சிகினு கீறேன். இப்ப அதுவும் சேறா ஆவுது. நீ தூத்துன மண்ண நீயே எடுத்துக்கக்கா."

"எல்ல காட்டினவனுக்கு இன்னா சோறு?"

"காட்டினது நான் இல்லக்கா. மாமன்."

கட்டிலில் கிடந்த தேவராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வரதன் மெதுவாகவே சொன்னான். தேவராஜ் எல்லையைக் காட்டிவிட்டு நேராக அவனிடம்தான் வந்திருக்கிறார். நீ ஒத்துக்கினு போய்டுடா என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்.

"தம்பின்னா நாலு மாசத்துல மன்னிச்சிருவா, புருசன்னா சாவற வரிக்கும் மன்னிக்கமாட்டா, ஊடு ஒடஞ்சி பூடும்னாரு. நானும் நாலு மாசந்தானன்னு ஒத்துக்கினேன்."

நாகம்மாள் மேலே பார்த்தாள். வாரையைப் பிடித்துக்கொண்டு மிதந்த எத்திராஜ் மோர் டம்ளருக்குள் பார்வையை விட்டார்.

"ஒனக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா. தெரிஞ்சி இன்னா பண்றது. வுட்டுட்டேன்."

அவள் கட்டிலருகே போய் நின்றாள். கெட்டிக் கஞ்சியாகப் பார்த்துப் பார்த்து ஊற்றிய வருஷங்களை எண்ணிப் பார்த்தாள். நிழல் ஏன் இந்த மனுஷனோடு வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏன் காட்டினாய் என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

தேவராஜ் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அவனுங்க மரத்தடில குந்திகினு கெடக்கறதயும், நாம காத்துகினு கெடக்கறதயும் என்னால தாங்க முடியல நாகம்மா. எப்பிடியும் போற நெலம். சீக்கிரம் போய்த் தொலயட்டும்னு காட்டிட்டேன்."

அவர் பேசியதில் அவள் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவள் வரதனை முற்றத்தில் உட்காரவைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். சேறு சேறாக வந்தது. தண்ணீர் தெளிகிற வரைக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினாள். கேழ்வரகுக் களியை உருட்டி, குழம்பில் தொட்டு, அவளே ஊட்டினாள். அவன் பயந்து பயந்து மென்றான். பிறகு வேகமாக மென்றான். "உப்பு தெரியுதுக்கா" என்று சொல்லி அழுதான். நாகம்மாளுக்கும் அழுகை வந்தது. வளர்த்த பிள்ளையை ஒரு கேள்வி கேட்காமல் சபித்துவிட்டோமே என்று அழுதாள். அவனும் சேர்ந்துதானே ஏமாற்றினான் என்று முதுகில் ஓங்கி ஓர் அறையும் வைத்தாள். வைத்துவிட்டு இன்னொரு உருண்டை கொடுத்தாள். வாரிய மண்ணைப் புருஷன் பக்கம் திருப்பிவிடலாம் என்று சகாயமேரி யோசனை சொன்னாள். நாகம்மாள் வேண்டாம் என்றாள். அந்த மனுஷனுக்காக இன்னொரு தடவை குனிந்து மண் அள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

அன்று சாயங்காலம் தேவராஜ் தண்ணீர் கேட்டார். நாகம்மாள் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்து அவர் உரக்கக் கேட்டார். அவள் பாட்டுக்கு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு வந்து, "யம்மா, நைனா தண்ணி கேக்குது" என்றபோது, "கேட்டாரா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொம்பை எடுத்தாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்தது. அம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கிற சத்தம், தேங்காய் மட்டை விழுகிற சத்தம், வடிவின் களிமண் ஊரில் நாய் குரைப்பதுகூட. அவர் குரல் மட்டும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. சகாயமேரி பின்னால் நின்று அவரைக் கத்தச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, "அப்பாடா, ஒனக்கும் ஒண்ணு ஆச்சி" என்றாள்.

தேவராஜ் கட்டிலை விட்டு எழுந்தார். சூளை வேலைக்குக்கூடப் போனார், நிழல் இல்லாமலே. வெயிலில் அவரோடு நடப்பவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. வரதன் சதை பிடித்து, பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டான். தினமும் பொழுது சாய்ந்தால் தேவராஜ் நாகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசுவார். எல்லாவற்றையும் சொல்வார், காலைக்கூடத் தொடுவார். அவள் காலை இழுத்துக்கொண்டு அடுப்பைப் பார்ப்பாள். வடிவுதான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். பத்து வயசுப் பெண் அதை ஒரு பாரமாக நினைக்கவில்லை. சில வீடுகளில் கிணறு தூரத்தில் இருக்கும், இந்த வீட்டில் இது இப்படி என்று எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, நைனா மன்னிச்சிக்கச் சொல்லுது."

நாகம்மாள் பானை மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சோறு வேணுமான்னு கேளு."

வேண்டும் என்றார் தேவராஜ். வடிவு சொன்னாள். நாகம்மாள் போட்டாள்.