தாமதத்துக்கு ஒரு காரணம்

நதீரா அந்தக் கட்டுரையை முதல் தரம் வாசித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் இங்கிலீஷ் பிழைகள்தான். சாய்ந்தமருதில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். பத்தாம் தரப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அனுப்பியவள் அப்னா, கணவன் முஹ்ஸினுடைய தங்கச்சியின் மகள். மருத்துவபீடத்தில் படிக்கிறாள். "மாமி, இது நம்மட அஸ்கிதானே?" என்று மட்டும் கேட்டிருந்தாள். குழந்தை மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரை அது. படத்தில் பிள்ளையின் கண்களைக் கறுப்புப் பட்டியால் மறைத்திருந்தார்கள். கண்ணை மறைத்தால் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? வெடித்த உதடும் தோலுரிந்த விரல்களும் அவளுடைய மகனுடையவைதான்.

போன வருடம் அஸ்கிக்கு மூன்று வயது. காய்ச்சல் வந்த மறுநாளே பிள்ளைகளின் டொக்டர் முபாறக்கிடம் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டினாள். பிள்ளையைத் தொடாமலே "வைரஸ் காய்ச்சல்" என்றார் அவர். கண் இரண்டும் சிவந்து மறுபடி கொண்டுபோனபோது, காதில் போனை வைத்துக்கொண்டே வேறொரு பாணி மருந்து எழுதித் தந்தார். மூன்றாம் தரம்தான் ஆசுபத்திரி வாட்டில் போடச் சொன்னார். அங்கே நின்ற இளம் டொக்டர் கிருஷாந்தன் பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "அக்கா, இது கவாசாக்கி வருத்தமா இருக்கலாம்" என்றான். நேரத்தோடு மருந்து ஏற்றாவிட்டால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் வீங்கிவிடும் வருத்தம் அது. அஸ்கிக்கு வீங்கிவிட்டிருந்தது.

படம் எடுக்க நதீராதான் கையெழுத்து வைத்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் என்றார்கள். உதவட்டுமே என்று வைத்தாள்.

இரண்டாம் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. பழமையில் ஊறிய மீனவச் சமூகத்தைச் சேர்ந்த, கல்வியறிவு குறைந்த தாய், ஒரு வாரமாக, குர்ஆன் ஓதின தண்ணீரும் நாட்டு மருந்தும் கொடுத்த பிறகே பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுவந்தார். பாதிப்புக்கு அந்தத் தாமதமே காரணம்.

அதற்குப் பிறகு அவள் பிழை திருத்தவில்லை.

எழுதியவர்கள் மூன்று பேர். டொக்டர் முபாறக், தோல் டொக்டரான அவருடைய மனைவி, அவுஸ்திரேலியாவில் இருக்கும் மருமகன். பின் இரண்டு பேரும் அஸ்கியைக் கண்ணால் கண்டதில்லை. வருத்தத்தைக் கண்டுபிடித்தவனுடைய பெயரை எங்கும் காணவில்லை.

கிருஷாந்தனுக்கு இப்போது வேறொரு ஆசுபத்திரியில் வேலை. அவனுக்குப் போன் எடுத்தாள்.

"ஓம் அக்கா, நானும் பாத்தன்."

"உங்கட பேரக் காணல்லையே, தம்பி."

"அது பரவாயில்ல அக்கா."

"சரி, அது பரவாயில்ல. மத்தது பொய்யெண்டு ரெண்டு வரி எழுதித் தருவீங்களா?"

"மேல்படிப்புக்கு இன்னும் முபாறக் சேர்ட கையெழுத்து வேணும் அக்கா."

"நல்லாப் படிங்க" என்று வைத்துவிட்டாள். பிள்ளையின் நாக்கைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன் நாக்கு எழும்பவில்லை.

அவளே சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினாள். முபாறக் முதலிரண்டு தரமும் திகதி போட்டு மருந்து எழுதிக் கொடுத்த துண்டுகளைப் படம் பிடித்து இணைத்தாள்.

முஹ்ஸினுக்கு இது பிடிக்கவில்லை. அவன் நற்பிட்டிமுனையில் நெல் வியாபாரம் செய்கிறவன். எல்லாரோடும் சிரித்துப் போக வேண்டியவன். "உடுங்க நதீரா. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்டெண்டா ஆருட்டப் போற?"

"ஆருட்டயும் போவம். அந்தாள்ட இல்ல."

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தாளே வீட்டுக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. முஹ்ஸின் ஓடிப்போய்க் காற்றாடியைப் போட்டான். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று டொக்டர் கேட்கவில்லை.

"தங்கச்சி, அதுல உங்கட பேர் இல்லையே. என்னத்துக்கு மனசக் குழப்புறீங்க?"

"ஓதின தண்ணிக் கத எங்கால வந்த டொக்டர்?"

அவர் சிரித்தார், ஒன்றும் விளங்காத பிள்ளைக்கு விளக்குகிறவரைப் போல. "கட்டுரைய ரெண்டு பேர் வாசிச்சு அபிப்பிராயம் சொல்லுவாங்க. அதுல ஒராள், ஏன் இவ்வளவு பிந்திக் கண்டுபிடிச்சீங்க, காரணம் போடுங்க எண்டார். ஒரு காரணம் போடத்தானே வேணும்? நம்மட பகுதியில நடக்கிறதுதானே."

நதீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட்டு, பளபளக்கும் பேனை. இந்த மனிதன் பொய் சொன்னதற்காக வெட்கப்படவில்லை. பொய் என்றுகூட அவருக்குப் படவில்லை. கேள்வி வந்தது, கிட்டக் கிடந்ததை எடுத்துப் போட்டார். கிட்டக் கிடந்தது அவள். இவருக்குப் பயந்தா கணவன் நித்திரையில்லாமல் கிடந்தான் என்று நினைக்க, அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அப்ப உங்கட பேரப் போட்டிரிக்கலாமே டொக்டர். அதுவும் நம்மட பகுதியில நடந்ததுதானே."

முஹ்ஸின் தரையைப் பார்த்தான். டொக்டர் எழும்பினார். "பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிச்சிரிக்கன். இந்தக் கட்டுர தேவ."

"பேரீச்சம்பழத்த எடுத்துட்டுப் போங்க" என்றாள் நதீரா. "எங்களுக்குப் படிப்பறிவு இல்ல, கண்டதையும் புள்ளைக்குக் குடுத்திருவம்."

அவர் போன பிறகு முஹ்ஸின் காற்றாடியை நிற்பாட்டினான். பிறகு, "அஸ்கி எப்பிடி எண்டு ஒரு வார்த்த கேக்கல்லையே" என்றான். அதற்குப் பிறகு அவளை அவன் தடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துத் திருத்தம் வந்தது. ஓதின தண்ணீரும் தாயும் காணாமற்போயிருந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஒரே வசனம்: நோய் கண்டறிதல் தாமதிக்கப்பட்டது. மன்னிப்பு இல்லை. அடுத்த நாள் நதீரா அதையே கரும்பலகையில் எழுதி, "ஆரால?" என்று பத்தாம் தரத்தைக் கேட்டாள்.

"பாஸிவ் வொய்ஸ்ல அதப் போடத் தேவையில்ல டீச்சர்" என்றாள் முன்வாங்கில் இருந்த பிள்ளை.

"ஓம், அதுக்குத்தான் அது இரிக்கி" என்றாள் நதீரா.

முபாறக் பேராசிரியராகிவிட்டார். மண்ணின் மைந்தருக்கு வாழ்த்துச் சொல்லும் பதாகை சந்தியில் தொங்கிய கிழமை, அவள் அஸ்கியை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கொண்டுபோனாள். அந்தாளிடம் போகாமல் இதய ஸ்கேன் எடுக்க இனி அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும்.

அங்கிருந்த பெண் டொக்டர் விவரம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தினார். "கல்முனைப் பக்கமா? அங்க இப்பிடி ஒரு பிள்ளைக்குத் தாய் ஓதின தண்ணி குடுத்தே பிந்தினதெண்டு ஒரு கட்டுரை வாசிச்சன். நீங்களும் குடுத்தீங்களோ?"

திருத்தத்தை யார் வாசிக்கிறார்கள்? சஞ்சிகையில் பொய்யை அழித்தாகிவிட்டது. அது அழிந்த பிறகும் நல்ல மனிதர்களுடைய வாயில் உயிரோடு இருந்தது.

"ஒரு நாள் குடுத்தன் டொக்டர்" என்றாள் நதீரா. "காய்ச்சல் வந்த மறுநாளே டொக்டரிட்டக் காட்டி, அவர் தந்த பாணியும் குடுத்தன். தண்ணியால கெடுதி வரல்ல."

டொக்டரின் பேனை நின்றது. "எந்த டொக்டர்?"

நதீரா பெயரைச் சொன்னாள். அவர் எழுதும் வரைக்கும் பார்த்திருந்து, எழுத்துக்கூட்டி இன்னொரு தரம் சொன்னாள். பிறகு மகனின் சேர்ட்டைக் கழற்றிக் கட்டிலில் ஏற்றிவிட்டாள்.