அத்தான் பிடித்த கயிறு

சைக்கிளை மிதித்தாலே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இந்த வருடம் நான் கப்பலில் வந்து இறங்கினேன். அந்தக் கப்பலைப் பிடிப்பதற்காக முதலில் பஸ் ஏறிக் கொச்சிக்குப் போனேன். உல்லாசப் பயணம் என்றால் அப்படித்தானாம்.

என் மகள் ஜெஸ்மி அந்தக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறாள். வேலையாட்களின் பெற்றோருக்கு ஒரு பயணத்தில் இடம் கொடுப்பார்கள். கொச்சியில் ஏறினால் தூத்துக்குடியில் ஒரு பகல் நின்று, கொழும்பு போய்த் திரும்பலாம். என் மனைவி மெட்டில்டா இறால் கம்பெனியில் லீவு சொன்னாள். எனக்கு லீவு சொல்ல ஆளில்லை. சங்கு குளிக்கிறவன் வரவில்லை என்று கடல் ஆள் அனுப்பித் தேடாது.

எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. முதல் நாள் காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். ஜெஸ்மி வந்து பார்த்தாள். நான் பார்க்கிற வேலையை நீங்கள் பார்த்தால் என்னை எதற்கப்பா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டிலிருந்த மீனைப் புரட்டிப் பார்த்து, இது ஐஸில் கிடந்த மீன் என்று மேசையில் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர் தம்பதி நான் என்ன தொழில் என்று விசாரித்தார்கள். கடலில் முங்குகிற தொழில் என்றேன். அந்தம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முத்தா என்றாள். என் ஆயுளில் நான் முத்தெடுத்ததில்லை. சங்குதான். ஆனால் பெரிய ஜன்னல், வெள்ளை மேசைத்துணி, இதற்கு நடுவில் இருந்துகொண்டு சங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் அதில்தான் என்றேன். மெட்டில்டா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் ஓர் அறிவிப்பு வந்தது. தூத்துக்குடியில் கப்பல் நிற்கும்போது, முத்துக்குளித்த கடலில் ஸ்கூபா டைவிங் செய்ய விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். எனக்கு முன்னால் மெட்டில்டா எழுந்து போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

நான் பதறிப்போனேன். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பதோடு சரி, அவளுக்கு நீச்சல் தெரியாது. வேண்டாம் என்றேன். அவள் சத்தம் போடவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லருந்து அங்கன என்ன இருக்குன்னு கேக்கேன். மண்ணுங்கீங்க, பாசிங்கீங்க. அந்த மண்ணை ஒருதரம் நான் பாத்துட்டு வாரேன்."

அவளைத் தனியே விடமுடியாதென்று நானும் பெயர் கொடுத்தேன். காரணம் அது மட்டுமில்லை. கோயம்புத்தூர்க்காரர்களும் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தண்ணீருக்குள் என் திறமையைக் காட்டிவிடலாம் என்ற ஆசை இருந்தது.

சொல்லிக் கொடுக்கிறவன் ஷாம், நாசரேத்துக்காரன், முப்பது வயது இருக்கும். கப்பல் மேல்தளத்து நீச்சல்குளத்தில் பாடம் நடந்தது. முதுகில் சிலிண்டர், வாயில் ரப்பர். முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றுதான், எந்த நேரத்திலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது, விட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். மேலே ஏறும்போது மூச்சைப் பிடித்தால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். நான் தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் காற்று வருகிற கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. அதில் கால் விழுந்து படுத்தவர்களைப் பார்த்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் போனதில்லை. இத்தனை வருடமும் மூச்சடக்கித்தான் முங்கியிருக்கிறேன். முகத்தில் தண்ணீர் பட்டால் போதும், யாரோ கதவைச் சாத்தின மாதிரி நெஞ்சு தானாக அடைத்துக்கொள்ளும். நீச்சல்குளத்தின் அடியில் போய்ச் சம்மணம் போட்டுச் சுகமாக உட்கார்ந்தேன். குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஷாம் கையால் ஏதோ காட்டினான். பதிலுக்கு நானும் கையைக் காட்டினேன். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டான்.

இன்னும் இரண்டுதரம் முயன்றான். இரண்டுதரமும் நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மெட்டில்டாவோ ஜெபமாலை சொல்லுகிற கதியில் மூச்சை விட்டு வாங்கினாள். அவளுடைய குமிழிகள் வரிசையாக, ஒழுங்காக மேலே வந்தன. ஷாம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்ட்டி பாஸ். நீங்க படகுல உக்காந்து என்ஜாய் பண்ணுங்க" என்றான். கோயம்புத்தூர் அம்மாள் என் தோளில் துண்டைப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் காலையில் தூத்துக்குடித் துறைமுகத்து நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் கப்பலைக் கட்டினார்கள். ஸ்கூபாக்காரர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வள்ளம் வந்தது. அதன் முன்முனையில், அணியத்தில் நின்றவன் கிளாட்வின், மெட்டில்டாவின் தம்பி. கொச்சிக்குப் பஸ் ஏற்றிவிட்டவனே அவன்தான். இப்போது அரைக்கால் சட்டையும் ஷாம் கழுத்தில் மாட்டிவிட்ட விசிலுமாக இறங்குகிற என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன அத்தான், பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரா சேந்துட்டீரா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு அவன் அக்காள் இறங்கினாள். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, பவளப் பார் கிடக்கிற ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போட்டான். போட்டபின் ஷாமிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: கயிறு யார் பிடிக்கிறது?

கயிறு கிடையாது என்றான் ஷாம். கூட நானே இறங்குகிறேன், கையைப் பிடித்துக்கொண்டேதான் இருப்பேன் என்று விளக்கினான். கிளாட்வின் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டான். கயிறு கட்டாமல் என் வள்ளத்திலிருந்து ஆரும் இறங்கக் கூடாது, அதுவும் என் அக்காள் இறங்கவே கூடாது என்றான். நியாயம்தான். நான் முங்கின காலமெல்லாம் என் இடுப்புக் கயிறு அவன் கையில்தான் இருந்தது. எங்களில் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். வேறு ஆளை நம்பி யாரும் இறங்குவதில்லை.

நேரம் போனது. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். தங்கள் முறைக்குக் காத்திருந்த கோயம்புத்தூர்த் தம்பதி எதற்கு இந்தத் தகராறு என்று புரியாமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா காலில் துடுப்புச் செருப்போடு உட்கார்ந்து, தம்பியையும் ஷாமையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் ஷாம் இறங்கி வந்தான். ஒரு மெல்லிய கயிற்றை ஆன்ட்டி இடுப்பில் கட்டலாம், மேலே இருப்பவர் விட்டுக்கொடுக்க மட்டும் வேண்டும், எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது என்றான்.

கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து என்ஜாய் பண்ணுவது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

மெட்டில்டா முங்குகிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "நீங்க எறங்கையில எதுக்கு என் தம்பியப் பிடிக்கச் சொன்னீங்க? கைய விட்டா அவன் அக்கா தாலி போயிரும். அதனால விடமாட்டான். என் கயித்த நீங்க விட்டா உங்களுக்கு என்ன போவுது? அடுத்த மாசமே புது மாப்பிள்ளைல்லா."

கிளாட்வின் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. இருந்தாலும் மூத்த அக்காள் புருஷன் கேட்டுவிட்டான் என்ற மரியாதைக்கு, கயிற்றை என் கையில் கொடுத்தான்.

அவள் ஷாமோடு இறங்கினாள். கயிறு என் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. குமிழிகள் வந்தன. கீழே இருப்பவனுக்கு வேலை இருக்கிறது, சங்கைத் தடவலாம். மேலே இருப்பவனுக்குப் பயப்படுவதைத் தவிர வேலை கிடையாது. திடீரென்று கயிறு சுண்டியது. ஒருதரம், பிறகு பலமாக இன்னொருதரம்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூச்சு முடிந்தது, தூக்கு. ஷாம் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. காலை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றி, கையும் கையுமாக, சங்கு நிறைந்த மால் பையை இழுக்கிற மாதிரி இழுத்தேன். கட்டிய மனைவியை மூட்டையாகத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தேன். கண்ணாடி ஒருபக்கம், தலைமயிர் ஒருபக்கம். பின்னாலேயே ஷாம் வெளியே வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆன்ட்டி, மூச்சைப் பிடிச்சீங்களா, நெஞ்சு வலிக்குதா என்று இதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவள் வாயிலிருந்த ரப்பரைத் துப்பினாள்.

"எங்க பிடிக்க? அடியிலருந்து மேல வாரது வரைக்கும் இந்த மனுசனை ஏசிக்கிட்டேல்லா வந்தேன்."

ஷாம் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். நல்லவேளை ஆன்ட்டி, ஏசினதால்தான் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது என்றான். பிறகு என்னைப் பார்த்தான். அங்கிள் என்றுகூடச் சொல்லவில்லை.

எதற்குச் சுண்டினாய் என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"குட்டி குட்டி மீனு, மஞ்சக் கோடு போட்டது, என்னச் சுத்தி அப்படியே நின்னுச்சு. நீங்களும் பாக்கணும்னு தோணிச்சு. அதான் கூப்புட்டேன். அறிவு கெட்ட மனுசன்." கண்ணிலிருந்தது கடல் தண்ணீரா என்னவென்று சொல்லமுடியவில்லை.

கிளாட்வின் அவளை ஏற்றக் கைநீட்டினான். அவள் பிடிக்கவில்லை. வள்ளத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தாள். பார்த்து முடிக்காமல் ஏறமாட்டேன் என்றாள். ஷாம் காதைக் கேட்டான், நெஞ்சைக் கேட்டான், ஒன்று இரண்டு சொல்லவைத்துப் பார்த்தான். ஆழம் அதிகமில்லை, இறங்கின நேரமும் கொஞ்சம்தான், சரி, இன்னொருதரம் போகலாம் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை. அது என்னவென்று அவன் சொல்லுமுன்பே கிளாட்வின் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிவிட்டான்.

"அத்தான், நீரு அங்கன போய் அந்தம்மாவுக்குக் குடை பிடியும்."

பிடித்தேன். கோயம்புத்தூர் அம்மாள் முத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து வள்ளத்தில் கிடந்தவனுக்கு அன்றைக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. குடையை மடக்காமலேயே விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினேன். கிளாட்வின் பார்க்காத மாதிரி கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். கயிறு இரண்டுதரம் சுண்டுவதை நான் பார்த்தேன். அவன் இழுக்கவில்லை. பதிலுக்கு மெதுவாக ஒரு சுண்டு சுண்டினான், அவ்வளவுதான்.

அவள் தானாக மேலே வந்தாள். மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகம். தம்பியின் கையைப் பிடித்து ஏறி, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஷாமிடம் கொழும்பிலும் இது உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் அங்கே ஜோடி ஜோடியாகத்தான் இறக்குவார்கள், உங்களுக்கு ஜோடியாக யார் பேரைப் போட என்றான் ஷாம்.

மெட்டில்டா என்னைப் பார்த்தாள். நான் குடையை நிமிர்த்திப் பிடித்தேன்.

"தனியா வந்த பொம்பளப் பிள்ளை ஆராவது இருந்தா போடுங்க தம்பி."

ஜெஸ்மி என்னை வேறு சுற்றுலாவில் சேர்த்துவிட்டாள். கொழும்பில் நான் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போனேன்.