வாயில் குண்டூசி

டெய்லர் காலரை மடித்தாள். இடது கை துணியைப் பிடித்திருந்தது. வலது கை டப்பாவிலிருந்து நான்கு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவில் செருகியது.

"பேசணும்," என்றாள் டீச்சர்.

டெய்லர் தலையாட்டினாள். ஊசிகளும் சேர்ந்து ஆடின.

"வாயால பேசணும்."

ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். "மன்னிச்சுக்குங்க டீச்சர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை வேலையில இறங்கிட்டா வாய் தானா மூடிக்குது."

"வீட்டுலயும் கையில ஒரு துணியக் குடுத்துப் பாக்கணும்," என்றாள் ஓரகத்தி. டெய்லரின் கொழுந்தன் மனைவி. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் வேலைக்கு இவர்கள் இரண்டு பேர்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. இன்று ஞாயிறு. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தையல் பழக்க ஆள் தேடியது. பல மொழி பேசும் பெண்கள். அதனால் ஆங்கிலம். கேமரா முன் உட்கார்ந்து ஒரு காலர் தைக்க வேண்டும். என்ன செய்கிறோம் என்று தைக்கத் தைக்கச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம். ஒரே வாய்ப்பு.

அந்த வேலை ஏன் வேண்டும் என்று முதல் நாளே டீச்சர் கேட்டிருந்தாள்.

"இத்தனை வருஷமாத் தைக்கிறேன். எங்கிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல."

"நான் கத்துக்கத்தான் வந்தேன்," என்றாள் ஓரகத்தி. "ஒரு தடவ கோணலாத் தைச்சேன். துணியப் பிடுங்கி அக்காவே தைச்சு முடிச்சிட்டாங்க. பத்து வருஷமா பொத்தான்தான்."

டீச்சர் டெய்லரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் எட்டு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறாள். நடந்துகொண்டே 'ஐ ஆம் வாக்கிங்' என்பாள். கதவைத் திறந்துகொண்டே 'ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்' என்பாள். வகுப்பே பின்னால் சொல்லும். அங்கே யாருக்கும் கதவு திறப்பது தொழில் இல்லை என்பது இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டால், தேர்வுக்காக டீச்சர் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு வாக்கியங்களையும் டெய்லர் வரிசை மாறாமல் சொன்னாள். துணியைத் தொட்டால் போயிற்று.

"எழுந்திருங்க," என்றாள் டீச்சர்.

டெய்லர் எழுந்தாள். டீச்சர் மெஷின் முன் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"துணி போனாப் போகுது. விரலப் பாத்துக்குங்க," என்றாள் ஓரகத்தி.

டீச்சர் பெடலை மிதித்தாள். மெஷின் பாய்ந்தது. துணியைப் பின்பக்கமாக இழுத்தாள். தையல் காலரின் ஓரத்தை விட்டு விலகி ஓடியது. டெய்லரின் கை முன்னால் வந்தது. டீச்சர் அதைத் தட்டிவிட்டாள்.

"கை வைக்கக் கூடாது. சொல்லுங்க."

"ஐயோ, இழுக்காதீங்க டீச்சர்!"

"இங்கிலீஷ்ல."

டெய்லர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யூ ஆர் புல்லிங்," என்றாள். "மெஷின் இஸ் டேக்கிங், யூ ஆர் புல்லிங்!"

டீச்சர் இன்னும் இழுத்தாள்.

"யூ ஆர் கில்லிங் தி காலர்!"

ஓரகத்தி சிரித்த சிரிப்பில் ஒரு பொத்தான் மேசைக்கடியில் உருண்டது. "வீட்டுக்காரரத் திட்டுற ராகம் அப்படியே வருதுக்கா."

டெய்லர் கத்திய வாக்கியம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. டீச்சர் அரை மணி நேரம் நிறுத்தாமல் மோசமாகத் தைத்தாள். பிறகு எழுந்தாள்.

"இப்ப நீங்க. பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கிறா. என்ன மாதிரி. இழுக்கப் போறா. அதுக்குள்ள சொல்லிடுங்க."

டெய்லர் உட்கார்ந்தாள். கை டப்பாவைத் தேடியது. டப்பா ஓரகத்தியின் மடியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை போன் திரையில் நரைத்த தலையோடு ஓர் அதிகாரி தெரிந்தார். தொடங்கலாம் என்றார். டெய்லர் துணியை வெட்டினாள், வெட்டுகிறேன் என்றாள். மடித்தாள், மடிக்கிறேன் என்றாள். குரல் கைக்கு அரை நொடி பின்னால் வந்தது. பிறகு கூடவே வந்தது. டீச்சர் திரையில் விழாதபடி சுவரோரம் நின்றாள்.

பதினான்காவது நிமிடத்தில் மெஷின் நின்றது. குரலும் நின்றது.

காலரின் ஒரு முனை கூராக இருந்தது. மறு முனை மழுங்கியிருந்தது. ஒரு நூல் அகலம்தான். திரையில் தெரியாது. விட்டுவிட்டுத் தொடரலாம். போதும், போங்க என்று டீச்சர் கையால் காட்டினாள்.

டெய்லர் அவளைப் பார்க்கவில்லை.

"திஸ் சைட் இஸ் நாட் குட்," என்றாள் திரையிடம். "ஐ ஆம் ஓப்பனிங் தி ஸ்டிச். ஸ்லோலி. ஐ ஆம் நாட் புல்லிங்."

ஓரகத்தி ஊசியைக் கீழே வைத்துவிட்டு டெய்லர் பக்கத்தில் வந்து நின்று அவள் கையைப் பார்த்தாள்.

இருபது நிமிடம் ஆயிற்று. நேரம் முடிந்தது என்றார் அதிகாரி. டெய்லர் காதில் அது விழவில்லை. பாதி பிரித்த காலரைத் தூக்கிக் கேமரா அருகே கொண்டுபோனாள். திரையின் மூலையில் அவள் முகம் தெரிந்த சின்னக் கட்டம் முழுக்க வெள்ளைத் துணியானது. துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்கு இன்னும் அருகே கொண்டுவந்தார்.