பதினேழாம் நம்பர் நோயாளி

பெண்ணுறுப்பில் திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட் தொற்றை ஆராயும் லேப் அது. பதினேழாம் நம்பர் நோயாளி தான்தான் என்று டெக்னீஷியன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நோயாளிப் படிவத்தில் பொய்ப்பெயர் போட்டவள், பழக்கதோஷத்தில் போன் நம்பரை மட்டும் சொந்த நம்பராகவே எழுதித் தொலைத்திருந்தாள்.

"பதினேழாம் நம்பரப் பாரு! மூணு வருஷமா அதே ஈஸ்ட்தான். மருந்து மாறும்போதெல்லாம் மரபணுவ லேசா மாத்திக்கிட்டு, சட்டமா உக்காந்திருக்கு!" என்று துள்ளினார் லேப் தலைவியான மேடம். "இந்தப் பொம்பளைய விடக் கூடாது. இப்பவே வரச்சொல்றேன்."

ஒரே கதவு. அதை மறித்தபடி நின்று லேப் போனில் எண்களை அழுத்தினார் மேடம். 

மூன்று வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாததை, டெக்னீஷியனின் கோட்டுப் பையிலிருந்த போன் கணீரென்று சொல்ல ஆரம்பித்தது.