ஹாஸ்கெட் அட்டையில் இருந்த முகம்

சனிக்கிழமை காலை முட்டை பொரித்துக்கொண்டிருந்த வெல்மாவுக்கு, கணவர் செய்தித்தாளை மடக்கிய விதமே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"இப்ப யாரு?" என்றாள்.

"லைல் ஹாஸ்கெட். அடுத்த வாரம் படைவீரர் மண்டபத்துல பேஸ்பால் அட்டைச் சந்தையாம். துரை வந்து கையெழுத்துப் போடப் போறாராம்."

"போடட்டுமே. உன் கையையா பிடிச்சு இழுக்கிறான்?"

"மூஞ்சி என்னோடதுடி."

கல்யாணமான நாளிலிருந்து வெல்மா கேட்ட பாட்டு அது.

ஓரின் கெபார்ட்டுக்கு வயது ஐம்பத்தொன்று. ஃபோர்ட் வெய்னுக்கு வெளியே டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பேஸ்பாலில் கேட்சராக இருந்தவர். பெரும்பாலும் சின்ன ஊர் அணிகள், ஓட்டை பஸ்கள், ஆறிப்போன சாண்ட்விச். பெரிய லீக்கில் ஆடியது பதினான்கு ஆட்டங்கள்தான். பபிள்கம் பொட்டலத்துக்குள் ஆட்டக்காரர் படம் போட்டு வைக்கும் அட்டையை, பதினான்கே ஆட்டம் ஆடியவனுக்கு யார் அச்சடிக்கப் போகிறார்கள்?

லைலுக்கு அச்சடித்தார்கள். 1961 மார்ச்சில் ஃப்ளோரிடா பயிற்சி முகாமில் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். லைல் இடக்கைப் பந்துவீச்சாளர். அவர் பந்து வருவதைப் பார்க்கவே பத்திரிகைக்காரர்கள் வேலிக்கு வெளியே காத்து நிற்பார்கள். அந்தப் பந்துகளைத் தினமும் மண்டியிட்டு வாங்கி, உள்ளங்கை வீங்கிப் படுத்தவர் ஓரின். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் பபிள்கம் கம்பெனியின் படக்காரர் வந்தார். கையில் ஒரு பட்டியல். அதில் ஓரின் பெயர் இல்லை. "ஹாஸ்கெட்! லைல் ஹாஸ்கெட் யாருப்பா?" என்று கூவினார். லைல் அப்போது உள்ளே விரல் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஓரினின் கை தானாக மேலே போனது. பக்கத்தில் கிடந்த யாருடைய கையுறையையோ மாட்டிக்கொண்டு, எறிவதுபோல் வலக்கையை ஓங்கிக்கொண்டு நின்றார். ஒரே நொடி. படக்காரர் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மறு வருஷம் அட்டை வந்தது. முன்பக்கம் ஓரின், வலக்கையை ஓங்கியபடி. கீழே லைல் பெயர். பின்பக்கம் 'இடக்கை வீச்சாளர்' என்று அச்சு. இருவருக்கும் நீளமான தாடை, தொப்பி நிழலும் சேர்ந்துகொண்டது. பார்த்தவர்களெல்லாம் லைல் வேடிக்கை காட்டியிருக்கிறார் என்றே நினைத்தார்கள். லைலும் மறுக்கவில்லை. அந்தக் கோடையிலேயே அவர் தோள் போயிற்று. வேறு அட்டை அவருக்கு வரவே இல்லை. ஆனால் பிசகான அட்டைக்குச் சேகரிப்பாளர்களிடம் எப்போதுமே கிராக்கி. ஆறே ஆட்டங்களில் ஜெயித்த மனிதரை ஊர் ஊராகக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

ஓரினின் மேசை அலமாரியில் அந்த அட்டை முப்பத்தெட்டு இருந்தது. எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவார். தனியாக இருக்கும்போது பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்ப்பார். விரலை எடுத்ததும் அலமாரியில் போட்டுச் சாத்திவிடுவார்.

இன்று செய்தித்தாளில் லைல் ஒரு கதையே சொல்லியிருந்தார். படக்காரரைக் கேலி செய்யத்தான் கையுறையை மாற்றி மாட்டினாராம், முகாமே விழுந்து விழுந்து சிரித்ததாம். ஓரின் முட்டைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் வரிசை வாசல்வரை நின்றது. ஓரினும் சட்டைப்பையில் ஓர் அட்டையோடு நின்றார். முன்னால் நின்ற பருமனான ஆள் திரும்பி, "ஹாஸ்கெட் ஆடிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க."

முக்கால் மணி நேரம் கழித்து மேசை வந்தது. லைல் நிமிராமலே அட்டையை வாங்கினார். "யார் பேருக்குப் போடணும்?"

"அதுல இருக்கிறவன் பேருக்குப் போடு."

பேனா நின்றது. லைல் நிமிர்ந்து பார்த்து, மெல்லச் சிரித்தார். "ஓரின். உன் முடியெல்லாம் எங்கடா போச்சு?"

"பேப்பர்ல நீ விட்ட கதையைப் படிச்சேன். அதுலயே கொட்டிப்போச்சு."

"மெதுவாப் பேசு. ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். என் மூஞ்சியைக் காட்டி எத்தனை வருஷம்டா பிழைப்பே? வேடிக்கை காட்டினியாமே? நீயா காட்டினே?"

"படக்காரன் பண்ணின குளறுபடிக்கு நான் என்ன செய்ய?"

"குளறுபடியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தாளு உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். நான்தான் கையைத் தூக்கினேன்."

இதைச் சொல்வதற்காக அவர் வரவில்லை. முகத்துக்கு உரிமை கேட்க வந்தவர் வாயிலிருந்து மற்றதும் சேர்ந்து வந்துவிட்டது.

லைல் பேனாவுக்கு மூடி போட்டார். "எங்க அம்மா," என்றார். "கடைகடையா பபிள்கம் வாங்கிப் பிரிச்சா. பல் இல்லாதவ. ஏப்ரல் கடைசியில கிடைச்சுது. பாத்துட்டு, 'உன் மூக்கு இப்படியா இருக்கு?'ன்னா. அப்புறமும் சர்ச்ல எல்லார்கிட்டயும் இதுதான் என் மகன்னு காட்டினா. அவளைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா? அதுல இருக்கிறது நான் இல்லேன்னா, நான் எங்கடா இருக்கேன்?"

லைலின் பின்னால் நின்றிருந்த சந்தை அமைப்பாளர் கர்ட்டிஸ் குனிந்தான். முப்பது வயதுக்காரன், காது கூர்மை. "சார், நீங்க சொன்னது நிஜமா? இது நீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டவன் இவன்.

"நான்தான்," என்றார் ஓரின்.

கர்ட்டிஸ் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தான். பருமனான ஆள் மறுபடி வரிசையில் சேர்ந்தார். லைல் தன் அச்சுப் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்திட, ஓரின் படத்தின்மேல் கையெழுத்திட்டார். எல்லோரும் ஓரினிடம்தான் பேசினார்கள், அவரோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் லைல் எழுந்தார்.

"பன்னெண்டு வருஷம் ஆடினே," என்றார் தணிந்த குரலில். "பன்னெண்டு வசந்தம். ஒவ்வொரு மார்ச்சும் நீ எந்த முகாம்ல இருக்கேன்னு பேப்பர்ல தேடிப் பாப்பேன். நான் கூரைத் தகடு வித்துக்கிட்டிருந்தேன். உனக்கு இதுவும் வேணுமாடா?"

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லைல் கையெழுத்து இல்லாமல் ஓரின் மட்டும் கையெழுத்திட்ட அட்டை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மூன்று மணிக்குள் வரிசை கரைந்தது.

வீட்டில் வெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஆளோட படம் உலகத்துல எங்கயாவது இருக்காதா?" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஓரின் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்கள், விதவைகள், முகாம் மைதானத்தில் புல் வெட்டியவர் என்று ஒவ்வொருவராகத் தேடினார். நவம்பரில், அணிக்கு அந்நாளில் உடம்பு பிடித்துவிட்டவரின் மகள், டாம்பாவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். லைல், இருபத்து மூன்று வயதில், பந்தை வீசக் கிளம்பும் கணத்தில். வலக்கால் இடுப்புவரை தூக்கி, இடக்கை பின்னால் நீண்டு, முகத்தில் முழு வெயில். மூக்கு தெளிவாகத் தெரிந்தது.

அதைப் பெரிதாக்கி உறையிலிட்டு முகவரியும் எழுதினார். உறை பதினொரு நாள் கடையிலேயே கிடந்தது. தினமும் பிரித்துப் பார்த்தார். முகமூடியோடு மண்டியிட்டுக் கிடக்கும் கேட்சர் எவனையும் யாரும் இப்படி எடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது. கடைசியில் வெல்மாதான் கடைக்கு வந்து, உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் லைல் தொலைபேசியில் கூப்பிட்டார். நன்றி சொல்லவில்லை. பெரிய பேரன் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகச் சொன்னார். பிறகு, "ஓரத்துல ஒரு கேட்சர் கிளவுஸ் தெரியுதே, அது நீயா?" என்று கேட்டார்.

ஓரின் பூதக்கண்ணாடி வைத்து அதை எத்தனையோ தடவை பார்த்திருந்தார். தையல் வேறு, அவருடையது இல்லை.

"தெரியலை," என்றார். "நானா இருக்கலாம்."