மாத்திரைக்கு ஒரு வாய் காபி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனைவிக்குச் செய்யத் தெரிந்த ஒரே பணிவிடை காபி போடுவதுதான். ஆனால் அதில் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. காலை ஆறரை அடித்ததும் கள்ளிச்சொட்டாக ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டுவார். இன்னொரு உள்ளங்கையில் கருஞ்சிவப்பாக ஓர் இரும்புச்சத்து மாத்திரை.

அந்த மாத்திரையைத்தான் இருவரும் மலைபோல நம்பியிருந்தார்கள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கட்டியை எடுக்க வேண்டுமானால் முதலில் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும்.

"ஹீமோகுளோபின் அளவு பத்தைத் தொடட்டும், உடனே ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றிருந்தார் டாக்டர்.

வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிடும். ஒருநாள் காபியோடு கொடுத்துப் பார்த்தார். சமர்த்தாக உள்ளே போனது. அன்றிலிருந்து அதுவே வழக்கம்.

அவளுடைய தங்கை வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள். "என்ன அத்தான், கவனிப்பெல்லாம் அக்காவுக்கு மட்டும்தானா? எனக்கு ஒரு டம்ளர் கிடையாதா?"

"உனக்கென்ன, ரத்தமா குறைஞ்சுபோச்சு? ஊர்ல உள்ளவங்க ரத்தத்தையெல்லாம் நீதானே குடிக்கிற!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அளவு ஏழுக்கு இறங்கியிருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் ஆறரை. ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போனது.

"மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?" என்று டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"என் கையால தர்றேன் டாக்டர். ஒரு வேளை தவறினதில்லை."

டாக்டர் சாயங்காலமும் ஒன்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை இரண்டானது, காபியும் இரண்டானது.

பதினோராவது மாதம் கால் வீங்கி, மாடிப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நர்ஸ்தான் கேட்டாள்.

"மாத்திரையை எதுல போட்டுக்கிறீங்கம்மா?"

"இவரோட காபியிலதான். வேற எதுலயும் இறங்காது."

நர்ஸின் பேனா நின்றது. "காபியிலயா? சார், அது இரும்புச்சத்தை உடம்புல சேர விடாதே! முக்கால்வாசி வீணாப் போயிருக்குமே. முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு மணி நேரமாவது விடணும். யாரும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே" என்றாள் மனைவி. அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்தமில்லாம இதயம் இழுத்து இழுத்து ஓய்ஞ்சுபோச்சு. இனி மயக்க மருந்தைத் தாங்காது."

"கொஞ்ச நாள் தேத்திட்டு..."

"அந்த ரத்தப்போக்கு தேற விடாதுங்க."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஆறரை. அவர் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோனார். அப்படியே வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டார்.

"போய்க் காபி போடுங்க."

"வேணாம்மா."

"இனிமே அது எதைக் கெடுத்துடப் போகுது? போடுங்க. உங்க கையால ஒரு வாய் குடிக்கிறேன்."

பாலை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றார். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததை அவர் பார்க்கவில்லை.

"என்னங்க, ஆச்சா?"

அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார்.