சுமையென்று யார் சொல்வது

டயாலிசிஸுக்குப் போக வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. என் கணவர் வேணுகோபால் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நக்கோ ஜெசி. இன்னிக்கி வரல. இனிமேயும் வரல."

செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. கோபமானாலும் கொஞ்சலானாலும் வேண்டாம் என்பதற்கு அவருக்கு நக்கோதான். இன்று இரண்டும் இல்லை, சாதாரணமாகச் சொன்னார். நிறுத்தினால் உயிர் தாங்குவது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு என்று எங்களுக்குத் தெரியும். இதயம் தளர்ந்துபோய், ஒவ்வொரு தடவையும் அந்த இயந்திரத்திலேயே மயங்கி, மறுநாள் முழுக்கக் கண் திறக்காமல் கிடக்கிறார் என்பதும் தெரியும். டாக்டரே போன வாரம், "யோசிங்க" என்று சொல்லியிருந்தார். நான்தான் காது கேளாதவள் மாதிரி இருந்தேன்.

யோசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருங்காலப் பாதிரியார்களுக்குக் குருமடத்தில் அறநெறி இறையியல் பல வருஷம் கற்பித்தேன். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவிலும் இருக்கிறேன். ராமநவமிக்குப் பானகம் கரைக்கிற மனிதரைக் கட்டிக்கொண்டு திருச்சபையின் அறநெறி பேசுகிறாள் என்று சக பேராசிரியர்கள் கேலி செய்வார்கள். அந்த மனிதர்தான் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து வேலை முடிந்து வந்து என் கட்டுரை ஒவ்வொன்றையும் முதலில் படிப்பார். தனக்கே புரியவில்லையென்றால் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் கட்சி. பலனைவிடச் சுமை அதிகமான சிகிச்சையை வேண்டாம் என்பது தற்கொலை ஆகாது என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். "சுமைன்னு யார் சொல்றது? டாக்டரா, படுத்திருக்கவனா?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்குப் பேர் வந்தது. படுத்திருக்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேன்.

இப்போது படுத்திருக்கிறவர் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு, குழுவில் கேட்கிற கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். ராத்திரி தூக்கம் வருகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா, இதன் விளைவு புரிகிறதா.

"யாருக்கும் பாரமா இருக்கோம்னு நினைக்கிறீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், எழுதிக்குங்க. பாரம் எனக்குத்தான். என்னால முடியல ஜெசி."

மாதாப்பூரில் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்த மகள் ஸ்மிதாவைக் கூப்பிட்டேன். "ஊருக்கெல்லாம் சொல்றியே மம்மி, டாடியைப் போகச் சொல்லு ப்ளீஸ்!" என்று அழுதாள். நீ கிளம்பி வா என்று சொல்லி வைத்துவிட்டேன். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்குப் படித்ததெல்லாம் கைவிட்டுப் போயிற்று.

"எனக்காக வாங்களேன். இன்னும் ஒரு மாசம்."

அவர் சட்டையை எடுத்து விரித்து, ஊசி குத்திக் குத்திக் கறுத்த இடது கையை மெல்ல உள்ளே நுழைத்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நான் கேட்டேன், அவர் கிளம்புகிறார், அவ்வளவுதான். வலது கைக்குச் சட்டையின் மறுபக்கத்தைத் தேடித் துழாவினார்.

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒருவர் எனக்கு வாய்த்தாரே என்று நெஞ்சு நிறைந்து, கண்ணீர் நிற்காமல் வந்தது. கடவுளுக்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். பிறகு நுழைத்திருந்த கையைச் சட்டையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தேன். வாசலுக்குப் போய் டிரைவரை அனுப்பினேன். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதைப் பேச, டாக்டருக்குப் போன் செய்து மாலை வரச் சொன்னேன்.

அடுக்களையில் பால் காய்ந்திருந்தது. உடம்பில் நீர் சேரக்கூடாதென்று அவருக்குத் தண்ணீரையே அளந்து கொடுத்து வந்தேன். காபி கால் டம்ளர்தான். இன்று டிகாக்‌ஷனைத் தாராளமாக விட்டு, டம்ளர் விளிம்புவரை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நுரை ததும்பி விரல்களில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, குனிந்து குடிக்க ஆரம்பித்தார்.